இரண்டிலிருந்து ஒன்றுக்கு

இறந்துபோன கணக்கு வாத்தியார் தலையாட்டினார்.

பின்னால் நடந்து வந்த எண்பது பேரில் முப்பது பேராவது அதைப் பார்த்திருப்பார்கள். அமரர் ஊர்தியின் பின்கண்ணாடி பெரியது. தலை பின்பக்கம் வரும்படிதான் பெட்டியை ஏற்றுவார்கள். நடந்து வருகிறவர்கள் கடைசிவரை முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். கடைவீதி முடிந்து மயான மேட்டுக்குத் திரும்புகிற இடத்தில் கார் வேகம் குறைந்தது. அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். வாத்தியாரின் தலை இரண்டு முறை மேலும் கீழும் அசைந்தது, கடைசி பெஞ்சுக்காரன் சரியான விடை சொல்லிவிட்டது போல.

"உசுரு இருக்கு!" என்று அவர் மனைவி கத்தினாள். "நிறுத்துங்க! தலைய ஆட்டுறாரு, உசுரு இருக்கு!"

நிறுத்தினார்கள். கூட்டத்தில் ஒரு டாக்டர் இருந்தார். பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்து, கழுத்தில் விரல் வைத்து, பார்க்கத் தேவையில்லாததைப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். அந்த அம்மாளைத் தேற்றி மறுபடி நடக்க வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரே செய்தியை அவளிடம் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு வயது ஐம்பத்தாறு. எல்லோரும் அவரை 'எறும்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வருஷம் லாரி, ஒன்பது வருஷம் பஸ், இருபத்திரண்டு வருஷம் அமரர் ஊர்தி. பஸ் ஓட்டிய காலத்தில் பயணிகள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. "யோவ், இறங்கித் தள்ளட்டுமா?" என்பார்கள். எழுதிப் போட்ட புகார்களே ஒரு கோப்பு நிறைய இருந்ததாம். அந்தக் கோப்போடுதான் இறுதிச் சடங்கு நிலையத்தில் வேலை கேட்டுப் போனார். அங்கே அதைப் படித்தவர்கள் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

பழைய ஊர்தி கிளட்ச் வைத்த கார். முதல் கியரில் போட்டு, இடது கால் கிளட்சைப் பாதி அழுத்தி, வலது கால் ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும், அழுகிற ஆள் நடக்கிற வேகத்தில் அவர் அதை நகர்த்துவார். ஒருமுறை முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பாதித் தெரு தாண்டிய பிறகு, "ஏம்ப்பா, எப்ப கிளம்பும்?" என்று கேட்டார். எறும்பின் வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

புதுக் கார் வந்து நாலு மாதம். நீளமான கறுப்பு கார், கிளட்ச் இல்லை, கியர் தானாக மாறும். கியர்த் தண்டில் நாலே எழுத்து: நிறுத்த ஒன்று, பின்னால் போக ஒன்று, சும்மா இருக்க ஒன்று, ஓட்ட ஒன்று. முதல் கியரிலேயே பிடித்துவைக்க வழியில்லை. நாற்பதில் போனால் வெண்ணெய். பத்துக்குக் கீழே இறங்கும்போது, இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு அது தன்னால் விழும்போது, அந்த 'டொக்'. வேறு எந்தக் காரிலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் பத்துக்குக் கீழேதான் இந்தக் காரின் மொத்த உத்தியோகமும்.

*

வாத்தியார் கதையை அன்று சாயங்காலம் எறும்பு தன் மனைவியிடம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் முப்பது வருஷமாக எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியே பழகிவிட்டார்.

அவள் தையல்காரி. அந்தத் தெருவில் பாதிப் பேரின் தோள் அளவு அவளுக்கு மனப்பாடம். இப்போது ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். மார்பில் தொடங்கியது முதுகெலும்புக்குப் போய்விட்டது. இனி ஆஸ்பத்திரியில் செய்ய எதுவுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாரக் கணக்குதான் என்றார் டாக்டர், எத்தனை வாரம் என்று சொல்லவில்லை. வலிக்கு மாத்திரை இருந்தது. அசைவுக்கு மாத்திரை இல்லை. யாராவது கட்டிலில் இடித்துக்கொண்டால்கூட அவள் முகம் வெளுக்கும். அவளுடைய தங்கையை வரவழைத்து வைத்திருந்தார்கள். தங்கை அந்த அறையில் பூனை மாதிரி நடந்தாள்.

கதையைக் கேட்டு மனைவி சிரித்தாள். சிரித்ததும் வலித்தது. வலி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"என்னையும் இப்படித்தான் தலையாட்ட வச்சுக் கொண்டு போகப் போறீங்களா?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இப்ப பேசாம எப்ப பேசறது? அப்புறம் நான் பேச மாட்டேன், நீங்க மட்டும்தான் பேசணும்." மூச்சு வாங்கினாள். "முப்பது வருஷத்துல உங்களுக்கு ஒரு தடவையாச்சும் 'ஆமாங்க, சரிங்க'ன்னு தலையாட்டியிருக்கேனா?"

"எங்க? நான் கிழக்குன்னா நீ மேற்கு."

"அப்ப போற வழியில மட்டும் எதுக்கு ஊர் பாக்க ஆட்டணும்? என்னைக் குலுக்காம கொண்டு போங்க. வேற ஒண்ணும் கேக்கல." பிறகு, விளையாட்டெல்லாம் போன குரலில் சொன்னாள்: "செத்தப்புறம் வலிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்த உடம்புக்கு அது தெரியுமான்னு தெரியல."

அன்றிலிருந்து எறும்புக்கு உலகத்தில் ஒரே வேலைதான். அந்த 'டொக்' போக வேண்டும். அவள் போவதற்குள் போக வேண்டும்.

*

சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனார். கறுப்பு ஊர்தி வாசலில் வந்து நின்றதும் புதுக் கார் வாங்க வந்தவர்கள் முகம் மாறும். அதனால் அவருக்கு மட்டும் வரிசை கிடையாது; பின்வாசல் வழியாக உடனே உள்ளே எடுத்துக்கொள்வார்கள்.

சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரைக் காருக்குள் செருகிப் பார்த்துவிட்டு வந்தார். "கோளாறுன்னு எதுவும் காட்டல. நார்மல்."

"சார், ஒரு தடவை கூட வந்து பாருங்க."

"நானா? இதுலயா?" அவர் பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு தானே ஓட்ட உட்கார்ந்தார். வெளிச்சாலையில் ஐம்பதில் விட்டார். கார் வழுக்கிக்கொண்டு போனது.

"எங்க குலுக்குது? சொல்லுங்க."

"மெதுவா போங்க சார்."

முப்பதுக்கு வந்தார்.

"இன்னும் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவான்னா? எவ்வளவு?"

"புருஷனப் பறிகொடுத்தவ நடக்கற வேகம்."

அட்வைசர் வேகத்தை இன்னும் குறைத்தார். அந்த வேகத்தில் ஓட்ட அவருக்கு வரவில்லை. நின்றது, கிளம்பியது, நின்றது. ஒருமுறை லேசாக ஏதோ தட்டியது. "இதுவா? இது நார்மல்தானே." சர்வீஸ் அட்டையில் அப்படியே எழுதினார். இரண்டாவது முறை போனபோதும் 'நார்மல்'. மூன்றாவது முறை, எறும்பின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணே, இந்த கியர்பாக்ஸ் ஓட்டற ஆளோட பழக்கத்தக் கத்துக்கற மாதிரி செஞ்சிருக்காங்க. வேகமா ஓட்டினா வேகத்துக்குப் பழகும், மெதுவா ஓட்டினா மெதுவுக்குப் பழகும். கொஞ்ச நாள் நீங்க நினைக்கற மாதிரியே ஓட்டிப் பாருங்க."

எறும்புக்கு உடனே புயல் நினைவுக்கு வந்தான்.

நிலையத்தில் இரண்டு டிரைவர்கள். போகும்போது எறும்பு, பெட்டி இறங்கிய பிறகு காரைத் திருப்பிக்கொண்டு வருவது புயல். வயது முப்பத்தைந்து. முன்பு பேட்டரி வேனில் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தவன், கிளட்ச் என்ற ஒன்றை மிதித்ததே கிடையாது. காலி ஊர்தியை எண்பதில் கொண்டுவந்து நிறுத்துவான். அடுத்த வீட்டில் காத்திருப்பார்களே என்பது அவன் நியாயம்.

"உன்னாலதான்டா," என்றார் எறும்பு. "நான் மெதுவா சொல்லிக்கொடுக்கறேன். நீ வரும்போது அழிச்சிடற."

"காருக்கு ட்யூஷனா எடுக்கறீங்க அண்ணே?"

"விளையாடாத. இனிமே திரும்பி வரும்போதும் நடக்கற வேகத்துலதான் வரணும்."

"காலி வண்டியவா?"

"காலி வண்டியத்தான்."

புயல் சிரிக்க வாயைத் திறந்தான். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். தையல்கார அக்காவின் நிலைமை அவனுக்கும் தெரியும்.

அடுத்த இரண்டு வாரம் அந்த ஊர்க்காரர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். பின்னால் ஒரு ஆள்கூட நடக்காத ஊர்தி ஒன்று தெருத்தெருவாக ஊர்ந்து போனது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். "பாவம், யாருமே இல்ல போலிருக்கு," என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகள், அநாதையாக யாரும் போகக் கூடாது என்று, வலிய வந்து காலிக் காரின் பின்னால் நாலு தெரு நடந்தார்கள். புயல் வெட்கத்தில் சீட்டுக்குள் புதைந்துகொண்டான். "அண்ணே, உள்ள யாருன்னு கேட்டா என்ன சொல்ல?"

"யாருமில்லன்னு சொல்லு."

"அதச் சொன்னா இன்னும் அழறாங்க."

இரண்டு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைக் கொண்டு போகும்போது எறும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். மயான மேட்டுத் திருப்பத்தில் 'டொக்'. தபால்காரர் தலையாட்டினார்.

நிலையத்தின் மேலாளர் ஒரு பெண். கத்த மாட்டார். "ரெண்டாவது புகார் வந்திருக்கு," என்று மட்டும் சொன்னார். பிறகு, "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அந்தப் புகாரே மேல் என்று எறும்புக்குத் தோன்றியது. அதற்காவது, பார்த்துக்கொள்கிறேன் மேடம் என்று ஒரு பதில் இருந்தது.

*

அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"நானே படுத்துப் பாக்கறேன்," என்றாள்.

"எதுல?"

"உங்க வண்டியிலதான். இதுவரைக்கும் அதுல படுத்தவங்க ஒருத்தராச்சும் வாயத் திறந்து எங்க குலுக்குது, எப்படிக் குலுக்குதுன்னு சொல்லியிருக்காங்களா? நான் சொல்றேன்."

முடியாது என்றார். கெஞ்சினார். கோபப்பட்டார். கட்டில் ஆடினாலே துடிக்கிறவளை அந்தக் காரில் ஏற்றுவதா? அவள் எதற்கும் அசையவில்லை. முப்பது வருஷமாக அசைந்ததில்லை. மூன்றாம் நாள் அவரே கேட்டார், "ரெண்டு மாத்திரையாப் போட்டுக்கறியா?"

வியாழக்கிழமை மத்தியானம், திரும்பி வருகிற ஊர்தியை வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். மெத்தையோடு சேர்த்து அவளைத் தூக்கி வந்தார்கள், புயல் ஒரு பக்கம், எறும்பு ஒரு பக்கம். தங்கை வாசலில் தலையில் அடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கறவள யாராச்சும் இதுல ஏத்துவாங்களா மாமா? உங்களுக்கெல்லாம் புத்தி கெட்டுப் போச்சா?"

"ஏத்துவாங்கடி," என்றாள் அவள் மெத்தையிலிருந்து. "அளவு எடுக்காம யாராச்சும் துணிய வெட்டுவாங்களா?"

எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள், காரைப் பார்த்தாள், "ஐயோ, போயிட்டாளே!" என்று ஓடி வந்தாள். உள்ளேயிருந்து ஒரு மெலிந்த கை எழுந்து ஆடியது. "இன்னும் இல்லக்கா. சும்மா வழி பாத்துட்டு வரேன்." எதிர்வீட்டுப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டிலிருந்து மயானம்வரை கியர் விழுகிற இடங்கள் பதினொன்று. எறும்புக்கு ஒவ்வொன்றும் தெரியும். முதல் இடம் பள்ளிக்கூட வளைவு. டொக்.

"இப்போ," என்றாள் பின்னாலிருந்து.

இரண்டாவது, மருந்துக்கடை வேகத்தடை. "இப்போ."

மூன்று. "இப்போ." குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. நாலாவது இடத்தில் 'இப்' மட்டும் கேட்டது. ஐந்தாவதில் சத்தமே வரவில்லை, பல்லைக் கடிக்கிற ஒலி மட்டும்.

"போதும்," என்றார் எறும்பு.  "திரும்பிடலாம், போதும்."

"ஓட்டுங்க."

மேட்டின் அடிவாரம்வரை ஓட்டினார். அங்கே அவள் நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "தம்பி, நீ ஓட்டு," என்றாள்.

எறும்பு இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தார். புயல் பயந்துகொண்டே காரைத் திருப்பினான். அதே வேகம், அதே பதினொரு இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் எறும்பின் தோள் இறுகியது. பின்னாலிருந்து 'இப்போ' வரவில்லை. மருந்துக்கடை வேகத்தடையில் மட்டும் ஏதோ ஒன்று, ஒரு மிடறு தண்ணீர் விழுங்குவது போல, வந்து போனது. "ம்," என்றாள் அவள். அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் நின்றதும் சொன்னாள்: "தம்பி, அவர் ஓட்டின இடத்துல கால் மிதியப் பாரு. இடது பக்கம்."

புயல் குனிந்து பார்த்தான். புது மிதியடி. வலது பக்கம் பளபளப்பாக இருந்தது. இடது பக்கம், பெடலே இல்லாத இடத்தில், செருப்பு முனை அளவுக்கு ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் துணி தெரிந்தது.

"அண்ணே," என்றான். "இங்க ஒண்ணுமே இல்லையே. நாலு மாசமா எதை மிதிச்சீங்க?"

முப்பத்து நாலு வருஷமாக அவருடைய இரண்டு கால்களும் ஒரே ஜோடி. இடது கால் கிளட்சை அழுத்தினால் வலது கால் ஆக்சிலேட்டரை முழுதாக விட வேண்டும்; அதுதான் பழக்கம். வேகம் குறைய வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அந்த இடது கால் இல்லாத கிளட்சை மிதித்தது, வலது கால் சட்டென்று விட்டது, கியர் பொத்தென்று விழுந்தது. புயலுக்கு ஓட்டுவதற்கு ஒரு கால்தான். அது எப்போதும் முழுதாக விடுவதில்லை.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்றார் எறும்பு. 

"குலுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உங்க செருப்பு சத்தம் கேட்டுச்சு." அவள் கண்ணை மூடியிருந்தாள். "எனக்கும் ஆயிருக்கே. மிதி மெஷின்லேருந்து மோட்டார் மெஷினுக்கு மாறினப்ப. கால் பழைய மெஷினத்தான் மிதிக்கும். ஊசி ஊசியா உடைச்சேன், ஞாபகமில்ல?"

"அப்புறம் சரியாச்சு இல்ல?"

"ஆச்சு."

"எவ்வளவு நாள்ல?"

 அவரே சொன்னார்: "ஆறு மாசம்."

புயல் இறங்கி, எதற்கோ, காரின் முன்பக்கம் போய் நின்றுகொண்டான்.

*

ஆறு மாதத்தை எத்தனை நாளில் முடிக்கலாம்? எறும்பு கட்டிலுக்கு எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வலது காலின் கீழே ஒரு பழைய செருப்பை மடித்து ஆக்சிலேட்டராக வைத்துக்கொண்டார். இடது காலை அவளுடைய அளவு நாடாவால் நாற்காலிக் காலோடு கட்டினார். அவள் ஒருக்களித்துப் படுத்து அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பள்ளிக்கூட வளைவு," என்பார் அவர்.

"ஆடிச்சு."

"மருந்துக்கடை."

"ஆடிச்சு. கட்டியிருக்கும்போதே துள்ளுது பாருங்க, கன்னுக்குட்டி மாதிரி."

காலையில் வேலைக்குப் போகுமுன், மத்தியானம் வந்ததும், மாலையில். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு வாயில் துணியை அழுத்திக்கொண்டு போவாள். சில நேரம் பத்து இடம் சரியாக வரும். பதினொன்றாவது, மயான மேட்டுத் திருப்பத்தில், அவர் மனம் வேறெங்கோ போய்விடும். காரின் பின்னால் யார் படுத்திருக்கப் போகிறார்கள் என்ற நினைப்புக்குப் போய்விடும். நாடா இறுகும்.

"மேட்டுல மட்டும்தான்," என்பாள் அவள், தைத்த துணியில் ஒரு இழை பிசகியதைக் காட்டுவது போல. "அது ஒண்ணு மட்டும் வந்துட்டா போதும்."

நிஜக் காரிலும் அதே கதை. இடது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்து ஓட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார். ஒரு பாட்டுக்காரர் ஆடாமல் போய்ச் சேர்ந்தார். அடுத்த நாள் ஒரு பேக்கரிக்காரர் மேட்டில் தலையாட்டினார். காரும் முன்பைவிடக் கொஞ்சம் பணிந்திருந்தது. இரண்டு வாரக் காலிப் பயணம் அதற்கு ஏதோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பணியாதது கால்தான்.

புதன்கிழமை காலை பத்தே முக்கால். அன்று அவருக்கு வேலை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நாடா கட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு முழு வழியையும் ஓட்டினார். பள்ளிக்கூட வளைவு. மருந்துக்கடை. வங்கி. கடைவீதி. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், "மேடு," என்றார்.

'ஆடிச்சு' என்று அவள் சொல்லவில்லை.

"வந்துடுச்சு!" கண்ணைத் திறந்தார். "பாத்தியா? வந்துடுச்சு! ஆடவே இல்ல!"

அவள் கண்கள் அவர் கால்கள் மீதே இருந்தன. அவர் இன்னொரு முறை செய்து காட்டினார். அதன் பிறகுதான் புரிந்தது.

*

நிலையத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் இறந்தால் அந்த டிரைவர் ஓட்டக் கூடாது, கை நடுங்கும். மேலாளர் வீட்டுக்கே வந்தார். எறும்பைத் தனியே அழைத்துச் சாவியை நீட்டினார்.

"விதியெல்லாம் இன்னைக்கு வேண்டாம். நீங்களே ஓட்டுங்க. அவங்க அதைத்தான் ஆசைப்பட்டிருப்பாங்க."

தங்கையும் சொன்னாள், "நீங்கதான் மாமா கொண்டு போகணும். வேற யாரு?"

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் இறந்த எல்லோரையும் கொண்டு போயிருக்கிறார். இவளை இன்னொருவன் கையில் கொடுப்பதா? காரில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். எஞ்சினைப் போடும் முன்பே இடது செருப்பு மிதியடியில் உரசுகிற சத்தம் அவருக்கே கேட்டது.

இறங்கினார். பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்த புயலின் சட்டைப்பையில் சாவியைப் போட்டார்.

"அண்ணே, நான் எப்படி..."

"அவ உன்கிட்டதானே சொன்னா, நீ ஓட்டுன்னு."

கார் கிளம்பியது. எறும்பு பின்னால் முதல் வரிசையில் நடந்தார். இத்தனை வருஷத்தில் காரின் பின்கண்ணாடியை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நடப்பது இதுவே முதல் முறை. அவள் முகம் தெரிந்தது. தலைக்குக் கீழே அவளே தைத்த தலையணை. அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தலையணைக்கும் தலைக்கும் நடுவில் இருந்த நிழலைப் பார்த்தார். அந்த நிழல் விரிந்தால் தலை ஆடுகிறது என்று அர்த்தம்.

பள்ளிக்கூட வளைவில் அவருடைய இடது கால் சாலையை ஓங்கி மிதித்தது. நிழல் விரியவில்லை. மருந்துக்கடையில் மறுபடி மிதித்தது. இல்லை. கூட நடந்தவர்கள் அவர் கால் இடறுகிறது என்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். வங்கி. கடைவீதி. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இந்த முறை காருக்குள் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது அவருக்கு.

மயான மேட்டுத் திருப்பம் வந்தது. கார் வேகம் குறைந்தது. எறும்பின் இடது கால் அப்படியே தரையில் ஊன்றி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோதினார்.

"இப்போ," என்றார் எறும்பு, சத்தமாக.

அடியில் எந்தச் சத்தமும் இல்லை. கார் எப்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது என்றே தெரியாமல் மேட்டில் ஏறியது. கண்ணாடிக்குள் அவள் தலை அசையவில்லை. அவள் கேட்ட ஒரே ஒரு காரியம், கேட்டபடியே நடந்துவிட்டது.

இத்தனை நாளாக எதற்காகத் துடித்தாரோ, அது கண்முன்னே முடிந்து மேலே போய்க்கொண்டிருந்தது. எறும்புக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் தலையாட்டினால் போதும் என்று இருந்தது.